உடலினுள் ஓயாத வடிகட்டி

இக்கட்டுரையின் பொருள் சிறுநீர். முகம் சுளித்துப் பக்கத்தைப் புரட்ட எண்ணுவோர் சற்றே பொறுத்தருள வேண்டும். சென்ற கோடையில் நானும் அப்படி முகம் சுளித்தவள்தான். அதனால் விளைந்தது ஒரு வாரக் காய்ச்சல். அக்காய்ச்சலால் விளைந்தது இக்கட்டுரை.

நான் தங்கியிருப்பது லேக் கார்டன்ஸில், இரயில் நிலையத்துக்கு அண்மையில் உள்ள ஒரு வீட்டின் மாடியில். எழுவருக்கு ஒரே குளியலறை. காலை எட்டு மணிக்குமுன் அதனுள் நுழைவது, சியால்தா செல்லும் வண்டியில் உட்கார இடம் பிடிப்பதைவிடக் கடினம். பகலெல்லாம் நான் இருக்கும் ஆய்வுக்கூடத்தின் தளத்திலோ மகளிர் கழிப்பறை இல்லை. மூன்று மாடி இறங்கி அடுத்த கட்டடத்துக்குச் செல்ல வேண்டும். சோதனையைப் பாதியில் விட்டுப்போக மனம் வராது. ஆகவே எளிய வழியொன்று கண்டுபிடித்தேன். தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டேன். வேதியியல் படிப்பவள் நான். இருந்தும் இதைப் பெரிய சாமர்த்தியம் என்றே எண்ணியிருந்தேன்.

வைகாசி வெயிலில் மூன்று வாரம் இந்தச் சாமர்த்தியம் நடந்தது. ஒருநாள் சிறுநீர் கழிக்கையில் எரிச்சல் கண்டது. நாணத்தால் யாரிடமும் சொல்லவில்லை. நான்காம் நாள் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தது; வலப்பக்க விலாவுக்குக் கீழே முதுகில் தாங்கொணா வலி. வீட்டுக்கார அம்மையாரை வங்க வழக்கப்படி ‘மாசிமா’ என்று அழைப்போம். அவர்தாம் என்னை மருத்துவரிடம் கொண்டு சேர்த்தார்.

மருத்துவர் என்ன துன்பம் என்று வினவினார். தமிழும் ஆங்கிலமும் அரைகுறை வங்காளமும் அறிந்த எனக்கு மூன்றிலுமே வாய் திறக்கவில்லை. அவரே, “ஜாலா?” என்றார். நம் ‘சுவாலை’க்கு உறவான சொல். தலையை ஆட்டினேன். சிறுநீரைச் சோதனைக்கு அனுப்பி, மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு அவர் சொன்னார்: “எரிச்சல் கண்ட அன்றே வந்திருந்தால் மூன்று நாளில் போயிருக்கும். சிறுநீரகம் வரைக்கும் ஏறவிட்டுவிட்டாயே, மா!”

‘ஏறவிட்டேன்’ என்றால் எங்கிருந்து எங்கே ஏறியது? எம்.எஸ்ஸி. வரை வந்தும் எனக்கு அது விளங்கவில்லை. விளங்கிக்கொள்ளப் படித்தேன். படித்ததை உங்கள்முன் வைக்கிறேன்.

இரண்டு அவரை விதைகள்

முதுகெலும்பின் இருபுறமும், கடைசி விலா எலும்புகளின் காப்பில், அவரை விதை வடிவில் இரண்டு உறுப்புகள் உள்ளன. இவையே சிறுநீரகங்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 11 சென்டிமீட்டர் நீளம். எடை 150 கிராம் அளவு. வலப்பக்கத்தில் கல்லீரல் இடத்தை அடைத்துக்கொள்வதால், வலச் சிறுநீரகம் சற்றுக் கீழிறங்கி இருக்கும்.

ஒவ்வொரு சிறுநீரகத்திலிருந்தும் 25 முதல் 30 சென்டிமீட்டர் நீளமுள்ள மெல்லிய குழாய் ஒன்று கீழே இறங்குகிறது. இது சிறுநீர்க்குழாய். இரு குழாய்களும் அடிவயிற்றிலுள்ள சிறுநீர்ப்பையில் வந்து சேர்கின்றன. பையிலிருந்து வெளியே செல்லும் வழி சிறுநீர்வழி எனப்படும். ஆடவர்க்கு இதன் நீளம் 20 சென்டிமீட்டர் அளவு. மகளிர்க்கு 4 சென்டிமீட்டரே. இவ்வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னர் வேண்டியிருக்கும்.

இதயம் வெளியேற்றும் குருதியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இவ்விரு சிறிய உறுப்புகளுக்கே செல்கிறது. அதாவது நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கும் மேல். உடல் எடையில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத உறுப்புகளுக்கு இத்தனை குருதி ஏன்? தம்மை ஊட்டிக்கொள்ள அன்று. குருதியைத் தூய்மை செய்து திருப்பி அனுப்பவே.

வடிகட்டுவதும் மீட்பதும்

ஒரு சிறுநீரகத்தில் ஏறக்குறைய 10 இலட்சம் நெஃப்ரான்கள் உள்ளன. ஒவ்வொரு நெஃப்ரானும் தனியொரு தொழிற்கூடம். அதன் தலைப்பில் நுண்ணிய தந்துகிகளாலான ஒரு முடிச்சு இருக்கும். இத்தாலிய நாட்டு மால்பிகி 1666 இல் இம்முடிச்சுகளை நுண்பெருக்கியில் கண்டு எழுதினார். அவற்றைச் சூழ்ந்துள்ள கிண்ணமும் அதிலிருந்து செல்லும் குழலும் ஒரே அமைப்பின் பகுதிகள் என்று 1842 இல் விளக்கியவர் இங்கிலாந்தின் பௌமன்.

குருதி அழுத்தத்தோடு இம்முடிச்சில் பாயும்போது, நீரும் உப்புகளும் சர்க்கரையும் யூரியாவும் கிண்ணத்தில் வடிகின்றன. குருதி அணுக்களும் பெரிய புரதங்களும் வடிவதில்லை. இவ்வாறு ஒரு நாளில் வடியும் நீர் 180 லிட்டர்! நம் உடலில் உள்ள குருதிநீரோ மூன்று லிட்டர்தான். அப்படியானால் அதே நீர் ஒரு நாளில் அறுபது முறை வடிகட்டப்படுகிறது என்றாகிறது.

ஆனால் நாம் 180 லிட்டர் சிறுநீர் கழிப்பதில்லை. ஒன்றரை லிட்டர் அளவே கழிக்கிறோம். எஞ்சியது எங்கே போயிற்று? இங்கேதான் சிறுநீரகத்தின் திறமை இருக்கிறது. இந்நகரத்தின் குடிநீரை எண்ணிப் பாருங்கள். ஹூக்ளி ஆற்று நீர் பல்தாவில் எடுக்கப்பட்டுத் தெளியவைத்து வடிகட்டப்படுகிறது. பின்னர் 1911 முதல் நிற்கும் டாலா நீர்த்தொட்டியில் ஏறி, வீடுகளுக்குப் போகிறது. அங்கே அழுக்கு வடிகட்டியில் தங்க, நீர் மறுபுறம் செல்கிறது. சிறுநீரகமோ வேறு வழியில் வேலை செய்கிறது. அது முதலில் ஏறக்குறைய எல்லாவற்றையும் வெளியே கொட்டிவிடுகிறது. பிறகு வேண்டியதை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துக்கொள்கிறது. வீட்டைத் துப்புரவு செய்யும் அம்மா, பரணிலுள்ள பொருள்களை எல்லாம் முற்றத்தில் இறக்கிவிட்டு, வேண்டியவற்றை மட்டும் மீண்டும் ஏற்றுவதைப் போன்றது இது.

சர்க்கரை முழுவதையும் நெஃப்ரானின் முதற்குழல் மீட்டுவிடும். குருதியில் சர்க்கரை 100 மில்லிலிட்டருக்கு 180 மில்லிகிராம் அளவைத் தாண்டினால் மீட்க இயலாமல் சிறுநீரில் கசியும். ‘நீரிழிவு’ என்ற பெயர் அதனால்தான் பொருந்துகிறது. மீளாத சர்க்கரை தன்னோடு நீரையும் இழுத்துச் செல்கிறது. இறுதியில் எவ்வளவு நீரை மீட்பது என்பதை முடிவு செய்வது, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி விடும் ஓர் இயக்குநீர். நான் தண்ணீர் குடிக்காதிருந்த நாள்களில் என் சிறுநீர் கடுமஞ்சளாய்ச் சிறுத்தது இந்த இயக்குநீரின் வேலையால்தான்.

கழிவகற்றல் மட்டுமே சிறுநீரகத்தின் தொழில் அன்று. குருதி அழுத்தத்தை ஒழுங்கு செய்வதில் அதற்குப் பங்குண்டு. எலும்பின் மச்சைக்குச் சிவப்பணுக்களை ஆக்கும்படி ஆணையிடும் எரித்ரோபொயட்டினை அது சுரக்கிறது. வைட்டமின் ‘டி’யைப் பயன்படும் வடிவுக்கு மாற்றுவதும் அதுவே. எனவேதான் சிறுநீரகம் கெட்டவர்க்குச் சோகையும் எலும்பு நோயும் சேர்ந்தே வருகின்றன.

பையும் அதன் பொறுமையும்

சிறுநீர்ப்பை 400 முதல் 500 மில்லிலிட்டர் வரை கொள்ளும். அதில் பாதி நிரம்பும்போதே நரம்புகள் மூளைக்குச் செய்தி அனுப்பும். இடமும் காலமும் வாய்க்காவிடில் மூளை ‘பொறு’ என்கிறது. இந்தப் பொறுமையை நாள்தோறும் மணிக்கணக்காகச் சோதிப்பதுதான் தவறு. அடக்கலாகாத பதினான்கு வேகங்களைச் சித்த மருத்துவம் வகுத்தது. அவற்றுள் சிறுநீரும் ஒன்று. சிறுநீரில் ஒரு துளி நல்லெண்ணெய் விட்டு, அது பாம்புபோல் நீண்டால் வாதம், மோதிரம்போல் வளைந்தால் பித்தம், முத்துப்போல் நின்றால் கபம் என்று நோய் கணிக்கும் முறையும் தேரையர் பெயரால் வழங்குகிறது. அக்கணிப்பு இன்றைய சோதனைக்கு ஈடாகாது. ஆயினும் சிறுநீரைப் பார்த்தால் உடலின் நிலை தெரியும் என்று நம் முன்னோர் கூசாமல் பார்த்தார்கள். கூச்சம் நமக்குத்தான் வந்து சேர்ந்தது.

கீழிருந்து மேலே

இனி நோய்களுக்கு வருவோம். மிகுதியாகக் காணப்படுவது சிறுநீர்வழித் தொற்று. நம் குடலில் தீங்கின்றி வாழும் ஈ.கோலை என்னும் நுண்ணுயிரே பெரும்பாலும் காரணம். அது வெளியிலிருந்து சிறுநீர்வழியாகப் பைக்கு ஏறுகிறது. முன்னர்க் குறித்த 4 சென்டிமீட்டரை நினைவு கூருங்கள். மகளிரை இந்நோய் மிகுதியும் வருத்துவதன் முதற்காரணம் இக்குறுகிய வழியே. ஒழுக்கத்தோடும் தூய்மைக் குறைவோடும் இதை இணைத்துப் பேசுவது அறியாமை.

அடிக்கடி சிறுநீர் கழிந்தால் நுண்ணுயிர்கள் அடித்துச் செல்லப்படும். கழியாமல் தேங்கினால் பெருகும். பெருகியவை சிறுநீர்க்குழாய் வழியே சிறுநீரகத்துக்கும் ஏறும். எரிச்சலும் அடிக்கடி போகும் உணர்வும் மட்டும் இருந்தால் நோய் பையோடு நிற்கிறது எனலாம். குளிர்காய்ச்சல், வாந்தி, விலாப்புற வலி ஆகியவை தோன்றினால் அது மேலே ஏறிவிட்டது. மருத்துவர் ‘ஏறவிட்டாயே’ என்றதன் பொருள் இதுதான்.

தண்ணீருக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பு வெறும் பாட்டி வைத்தியம் அன்று. அடிக்கடித் தொற்றுக்கு ஆளான, குறைவாக நீர் குடிக்கும் 140 பெண்களைப் பல்கேரியாவில் ஓராண்டு ஆராய்ந்து, 2018 இல் முடிவை வெளியிட்டனர். நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடித்த பாதிப்பேருக்கு நோய் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. இதைவிட மலிவான மருந்து உண்டோ?

ஒன்று சொல்ல வேண்டும். மூன்றாம் நாளே காய்ச்சல் இறங்கியதும் மாத்திரையை நிறுத்த எண்ணினேன். மாசிமா விடவில்லை. பாதியில் நிறுத்தினால் எஞ்சிய கிருமிகள் மீண்டும் பெருகி நோய் திரும்பக்கூடும். அவ்வாறே, மருந்துக்கடையில் தாமாக வாங்கி விழுங்குவதும் கிருமிகளை மருந்துக்கு அடங்காதவையாக ஆக்கும். முதலில் சிறுநீரை வளர்சோதனைக்குக் கொடுத்து, எம்மருந்துக்கு அக்கிருமி அடங்கும் என்று அறிவதே முறை.

கல்லும் அடைப்பும்

நீர் குறைந்தால் வரும் இரண்டாவது துன்பம் கல். வேதியியல் மாணவர்க்கு இதை விளக்கவே வேண்டா. கரைசல் அடர்ந்தால் படிகம் விழும். பெரும்பாலான கற்கள் கால்சியம் ஆக்சலேட். சில யூரிக அமிலம். கல் சிறுநீரகத்தில் இருக்கும்வரை ஓசையின்றி இருக்கலாம். குழாயில் இறங்கும்போதுதான் விலாவிலிருந்து தொடைச் சந்துவரை வலி துடிக்கவைக்கும். 5 மில்லிமீட்டருக்குக் குறைந்த கற்கள் பெரும்பாலும் தாமே வெளியேறும். பெரியவற்றை அதிர்வலையால் உடைக்கவோ, கருவியை உட்செலுத்தி எடுக்கவோ இயலும். கல்லுடன் காய்ச்சலும் சேர்ந்தால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

கல் உள்ளவர் பாலை நிறுத்த வேண்டும் என்று ஊரில் சொல்வார்கள். இது தவறு. உணவிலுள்ள கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்துக்கொள்ளும். அதை நிறுத்தினால் ஆக்சலேட் மிகுதியாக உட்செல்லும். குறைக்க வேண்டியது உப்பு. கூட்ட வேண்டியது தண்ணீர். வாழைத்தண்டு வேண்டுவோர்க்கு இங்கே குறையில்லை. வங்காளிகள் அதனைத் ‘தோர்’ என்று விரும்பி உண்பதால் சந்தையில் கிடைக்கும். சுவைக்காக உண்ணுங்கள், ஆனால் அதுவே கல்லைக் கரைத்துவிடும் என்று நம்பி மருத்துவரைத் தவிர்க்காதீர்கள்.

முதிய ஆடவர்க்குப் பையின் கழுத்தைச் சுற்றியுள்ள புரோஸ்டேட் சுரப்பி பருத்து வழியை நெருக்கும். இரவில் பலமுறை எழுதலும், தாரை மெலிதலும் அதன் அறிகுறிகள். ‘வயதாயிற்று’ என்று வாளாவிருக்க வேண்டா, மருந்துண்டு. வலியின்றிச் சிறுநீரில் குருதி தோன்றினாலோ, எவ்வயதினரும் உடனே மருத்துவரைக் காண வேண்டும். புற்றுநோயின் முதற்குறியாகவும் அது இருக்கக்கூடும்.

இந்நகரம் கற்பித்த பாடம்

உடலில் நீர் வற்றினால் சிறுநீரகம் என்னாகும் என்பதை உலகுக்குக் கற்பித்த நகரங்களுள் இதுவும் ஒன்று. வாந்திபேதியில் நீரெல்லாம் கழிந்து குருதி அழுத்தம் வீழும்போது, வடிகட்டும் முடிச்சில் அழுத்தமே இராது; சிறுநீர் நின்றுவிடும். கல்கத்தாவில் நோய்க்கூற்றியல் பேராசிரியராக இருந்த சம்புநாத் தே, காலராவால் இறந்தோரின் சிறுநீரகங்களை ஆராய்ந்து 1954 இல் எழுதினார். முயல்களின் குடலில் ஆய்வு நடத்தி, காலராக் கிருமி விடும் ஒரு நஞ்சே குடலிலிருந்து நீரைக் கொட்டச் செய்கிறது என்று 1959 இல் அவரே காட்டினார். 1971 இல் வங்கதேசப் போரின் அகதிகள் பன்கானில் குவிந்தபோது, ஊசிவழி செலுத்தும் நீர் தீர்ந்துவிட, உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாய்வழிக் கொடுத்துப் பல்லாயிரவரைக் காத்தார் திலீப் மகலனபிஸ். நாம் சில ரூபாய்க்கு வாங்கும் உப்புச்சர்க்கரைப் பொட்டலத்துக்குப் பின்னே இவ்வரலாறு இருக்கிறது.

ஓசையில்லாத நோய்

இதுவரை கூறியவை எல்லாம் வலித்தோ எரிந்தோ தம்மை அறிவித்துவிடும் நோய்கள். அறிவிக்காத ஒன்று உண்டு. அது நாட்பட்ட சிறுநீரக நோய். நெஃப்ரான்கள் சிறுகச்சிறுக அழியும்; எஞ்சியவை இரட்டிப்பாய் உழைத்துக் குறையை மறைக்கும். பெரும்பகுதி அழியும்வரை சிறுநீர் வழக்கம்போலவே போகும். நீரிழிவும் குருதிக் கொதிப்பும் இதன் தலையாய காரணங்கள். மூட்டுவலிக்காக ஆண்டுக்கணக்கில் விழுங்கும் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகளும் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

இதைப் படித்த இரவுதான் எனக்கு உறக்கம் வரவில்லை. மன்னார்குடியில் மளிகைக் கடை வைத்திருக்கும் என் அப்பாவுக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை. மாதந்தோறும் குருதியில் சர்க்கரை பார்ப்பார். சிறுநீரில் ஆல்புமின் கசிகிறதா என்று ஒருமுறையும் பார்த்ததில்லை. மறுநாள் தொலைபேசியில் கேட்டேன்.

“எனக்கு நல்லாத்தானம்மா போகுது. அதுக்கெதுக்குச் சோதனை?” என்றார்.

நன்றாகப் போவது சான்றாகாது என்று விளக்கினேன். வடிகட்டியின் துளைகள் பழுதுபடத் தொடங்கியதும், வடியக்கூடாத ஆல்புமின் என்னும் புரதம் முதலில் கசியும். அதை ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு எவ்வளவு என்று அளப்பார்கள். 30 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் அச்சமில்லை. ஒருசில நூறு ரூபாயில் முடியும் சோதனை. அப்பா சிரித்தார். மகளிடம் சிறுநீரைப் பற்றிப் பேச அவருக்கும் கூச்சம். என் காய்ச்சலின் கதையை அதுவரை வீட்டில் சொல்லாதிருந்தேன். அன்று முழுதும் சொன்னேன். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, “வியாழக்கிழமை கடைக்கு விடுமுறை. போறேன்” என்றார்.

முடிவு 90 என்று வந்தது. ஒரே சோதனையில் உறுதி கூற இயலாது. மூன்று மாத இடைவெளியில் மீண்டும் பார்க்க வேண்டும் என்று மருத்துவர் கூறி, கொதிப்புக்கான மருந்தைச் சிறுநீரகத்தைக் காக்கும் வகைக்கு மாற்றியிருக்கிறாராம். கார்த்திகையில் அடுத்த சோதனை. இந்நிலையில் கண்டதால் நோயைப் பல்லாண்டு தடுத்து நிறுத்த வழியுண்டு என்பதுதான் எங்களுக்கு ஆறுதல்.

காணாமலே விட்டிருந்தால்? கடைசிப் படியில் இருப்பவை இரண்டே வழிகள். ஒன்று, எந்திரத்தால் குருதியைத் தூய்மை செய்யும் டயாலிசிஸ். 1943 இல் ஆலந்தில் கோல்ஃப் என்பார் போர்க்காலத் தட்டுப்பாட்டுக்கிடையே அமைத்த எந்திரத்தின் வழிவந்தது அது. வாரத்துக்கு மூன்றுமுறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் படுத்திருக்க வேண்டும். மற்றொன்று மாற்றுச் சிறுநீரகம். 1954 இல் பாஸ்டனில் இரட்டையருக்கிடையே முதல் வெற்றி கிட்டியது. இந்தியாவில் 1971 இல் நம் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி அவ்வெற்றியைக் கண்டது. உறுப்பு வாணிகத்தைத் தடுக்க 1994 இல் சட்டம் வந்தது. மூளைச் சாவு அடைந்தோரின் உறுப்புகளைப் பெறும் திட்டத்தைத் தமிழ்நாடு 2008 இல் ஒழுங்குபடுத்திப் பிற மாநிலங்களுக்கு வழிகாட்டியது. இவை பெருமைக்குரியவை. எனினும் ஒரு சிறு சோதனையால் தவிர்க்கக்கூடிய இடத்துக்கு யாரும் போய்ச்சேர வேண்டா.

நாம் செய்யத்தக்கவை

நண்பர்களே, தோழியரே! சிறுநீர் வெளிர்மஞ்சளாய் இருக்குமளவு தண்ணீர் குடியுங்கள். உணர்வு வந்தால் எழுந்து செல்லுங்கள்; எந்தச் சோதனையும் பத்து நிமிடம் காத்திருக்கும். எரிச்சல் கண்டால் முதல் நாளே சொல்லுங்கள். சர்க்கரையோ கொதிப்போ உள்ள பெற்றோர் ஊரில் இருந்தால், அடுத்த முறை பேசும்போது ஆல்புமினும் கிரியேட்டினினும் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

நம் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். பொங்கல் விழாவுக்கு மேடையும் பந்தலும் கேட்டு ஆண்டுதோறும் நிர்வாகத்துக்கு விண்ணப்பம் எழுதுகிறோம். ஆய்வுக்கூடம் உள்ள ஒவ்வொரு தளத்திலும் மகளிர்க்குக் கழிப்பறை வேண்டும் என்று இவ்வாண்டு இன்னொரு விண்ணப்பமும் எழுதுவோம். வங்காள மாணவியரும் கையெழுத்திட ஆயத்தமாக உள்ளனர், கேட்டுவிட்டேன். முதற்கையெழுத்து என்னுடையது.